பிரிந்த மண், பிரியாத பங்கு: இரு சூடான்களின் பொருளாதாரமும் பாதுகாப்பும்

அரபுக் கல்லூரிகளில் ஃபிக்ஹு ஓதும் மாணவர்கள் 'கிதாபுல் கிஸ்மத்' எனும் பங்கீட்டுப் பாடத்தை அடையும்போது சற்றே சலிப்படைவதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். தொழுகை, திருமணம், வணிகம் ஆகிய பாடங்களில் காட்டும் ஆர்வத்தை அவர்கள் இதில் காட்டுவதில்லை. கூட்டுச் சொத்தைப் பங்காளிகள் எவ்வாறு பிரித்துக்கொள்வது என்பதே அப்பாடத்தின் பொருள். தானியத்தை அளந்து பிரிக்கலாம். நிலத்தை மதிப்பிட்டுப் பிரிக்கலாம். ஆனால் குளியற்கூடம், மாவரைக்கும் ஆலை, கிணறு போன்றவற்றைத் துண்டாக்கினால் அவை எவருக்குமே பயன்படாமற் போகும். ஆகவே, பங்காளிகளுள் ஒருவர் கேட்டார் என்பதற்காக மட்டும் காழி அவற்றைப் பிரித்துக் கொடுப்பதில்லை. பொருள் பொதுவாகவே இருக்க, முறை வைத்துப் பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. அதற்கு 'முஹாயஆ' என்று பெயர்.

ஹனஃபீ மத்ஹபின் பாடநூல்களுள் ஒன்றான குதூரியில் இதனினும் நுட்பமான ஒரு சட்டம் இடம்பெறுகிறது. பங்கீடு முடிந்த பின், ஒருவருடைய பாதையோ நீரோட்டமோ மற்றவரின் பங்கின் ஊடே செல்வது தெரியவருகிறது. பங்கீட்டின்போது அது குறித்து எதுவும் பேசப்படவில்லை. அப்போது செய்ய வேண்டியது யாது? வேறு பக்கம் திருப்பிக்கொள்ள இயலுமாயின் திருப்பிக்கொள்ள வேண்டும். இயலாதாயின் அந்தப் பங்கீடே கலைக்கப்படும். வழியையும் நீரையும் முடிவு செய்யாத பங்கீடு நிறைவான பங்கீடு ஆகாது என்பது இதன் கருத்து.

ஒரு நாடு இரண்டாகும்போது இந்தப் பழைய பாடம் புதிய பொருள் பெறுகிறது. மக்களும் நாடும் பாட்டன் விட்டுச்சென்ற சொத்தல்ல. தேசப் பிரிவினையைக் கலைக்கும் காழியும் இல்லை. ஆயினும், பிரிக்க இயலாதவற்றைப் பேசாமல் விட்டுவிட்டுக் கோடு மட்டும் கிழித்தால் என்ன நேரும் என்பதற்கு நம் காலத்தில் சூடானைவிடத் தெளிவான சான்று அரிது.

கோட்டின் வரலாறு

2011 வரை சூடான் ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய நாடு. அதன் பரப்பு ஏறத்தாழ 25 இலட்சம் சதுர கிலோமீட்டர். வடக்கே பெரும்பாலும் அரபு பேசும் முஸ்லிம்கள். தெற்கே திங்கா, நுவேர், ஷில்லுக் முதலிய பல இனத்தார். தென்னவருள் கிறித்தவரும், முன்னோர் வழிபாட்டினரும், சிறு தொகையினராக முஸ்லிம்களும் உள்ளனர்.

இப்பிரிவினையை மேலை நாடுகளின் சதி என்று ஒரே சொல்லில் கூறி முடித்துவிடும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. அதில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. 1899 முதல் எகிப்துடன் கூட்டாட்சி என்ற பெயரில் சூடானை ஆண்ட ஆங்கிலேயர், 1922இல் 'மூடப்பட்ட மாவட்டங்கள்' சட்டத்தைக் கொணர்ந்து வடபுலத்தார் தெற்கே செல்வதைக் கட்டுப்படுத்தினர். தெற்கின் கல்வியைக் கிறித்தவ அமைப்புகளிடம் விட்டனர். வடக்கில் சாலையும் பருத்திப் பாசனமும் பெருகின, தெற்கு தேங்கியது. இரு பகுதிகளையும் தனித்தனியே வளர்த்து, இறுதியில் ஒரே நாடாக விட்டுச் சென்றனர்.

ஆனால் மறுபகுதியையும் நாம் மறைக்கலாகாது. 19ஆம் நூற்றாண்டில் வடக்கிலிருந்து சென்ற வணிகர்கள் தென்னவரை அடிமைகளாகப் பிடித்து விற்ற கொடுமை அம்மக்களின் நினைவிலிருந்து நீங்கவில்லை. 1956 ஜனவரி முதல் நாள் விடுதலை பெறுவதற்கு முன்பே, 1955 ஆகஸ்டில், தோரித் நகரில் தென்படையினர் கலகம் செய்தனர். முதல் உள்நாட்டுப் போர் 1972இல் அடிஸ் அபாபா உடன்படிக்கையால் ஓய்ந்து, தெற்கிற்குத் தன்னாட்சி கிடைத்தது. அந்த உடன்படிக்கையைச் செய்த ஜஅஃபர் நுமைரியே 1983இல் அதனை முறித்தார். தெற்கை மூன்று மண்டலங்களாகப் பிரித்தார். அவ்வாண்டு செப்டம்பரில் நாடெங்கும் ஷரீஅத் தண்டனைச் சட்டங்களை அறிவித்தார். நீதியையும் ஆலோசனையையும் விட்டுவிட்டு, தண்டனையை மட்டும் ஷரீஅத்தின் பெயரால் முன்னிறுத்திய அரசியல் அது. 1970களின் இறுதியில் தெற்கில் எண்ணெய் கண்டறியப்பட்டபோது, சுத்திகரிப்பு ஆலையை அங்கே அமைக்காமல் வடக்கில் அமைக்கத் திட்டமிட்டதும் தென்னவரின் ஐயத்தை உறுதிப்படுத்தியது. ஜான் கராங் தலைமையில் தொடங்கிய இரண்டாம் போர் 22 ஆண்டுகள் நீடித்தது. அதில் மாண்டவர் 20 இலட்சம் என்று மதிப்பிடப்படுகிறது.

மதமே இப்பிரிவினைக்கு மூலம் என்பாரும் உளர். தார்ஃபூர் அதற்கு மறுமொழி தருகிறது. அங்குள்ளோர் ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள். குர்ஆன் மனனத்திற்குப் பெயர்பெற்ற மண் அது. அங்கும் 2003இல் போர் மூண்டது. தலைநகரத்திற்கும் தொலைவிலுள்ள மாகாணங்களுக்கும் இடையே அதிகாரமும் செல்வமும் நேர்மையாகப் பங்கிடப்படாமையே தெற்கிற்கும் தார்ஃபூருக்கும் பொதுவான நோய் என்று கொள்வதே பொருந்தும்.

பேசப்பட்டவையும் விடப்பட்டவையும்

2005 ஜனவரி 9 அன்று நைரோபியில் முழுமையான அமைதி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. தெற்கின் கிணறுகளிலிருந்து வரும் எண்ணெய் வருவாயில், உற்பத்தி மாநிலத்திற்கு இரண்டு விழுக்காடு போக, எஞ்சியதில் பாதி தெற்கின் அரசுக்கு என்று முடிவாயிற்று. ஆறாண்டுகளுக்குப் பின் தெற்கு தன் முடிவைத் தானே எடுக்கலாம் எனவும் ஏற்கப்பட்டது. 2011 ஜனவரியில் நடந்த பொது வாக்கெடுப்பில் 98.83 விழுக்காட்டினர் பிரிவினையை ஆதரித்தனர். ஜூலை 9 அன்று தென்சூடான் உதயமாகி, ஐக்கிய நாடுகள் அவையின் 193ஆம் உறுப்பு நாடாயிற்று. இத்தகைய முடிவை எந்தச் சதியும் உண்டாக்கிவிட முடியாது. அம்மக்கள் மனதார விரும்பினர்.

அவர்கள் விரும்பிய வண்ணமே பிரிவினை நிகழ்ந்தது. ஆனால் எல்லையின் பல பகுதிகள், அப்யெய் வட்டாரத்தின் உரிமை, எண்ணெய் கடந்து செல்வதற்கான கட்டணம், வெளிநாட்டுக் கடன், இரு நாட்டிலும் வாழும் மக்களின் குடியுரிமை ஆகிய ஐந்தும் விடுதலை நாளன்று முடிவாகாமலே இருந்தன. குதூரி கூறும் பாதையும் நீரோட்டமும் இங்கு இவையே.

இவற்றுள் முதன்மையானது எண்ணெய்க் குழாய். 1999இல் தொடங்கப்பட்ட முதற்குழாய், ஹிஜ்லீஜ் வயலிலிருந்து செங்கடற்கரை வரை ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் செல்கிறது. மேல்நைல் பகுதியிலிருந்து இன்னொரு குழாய் 2006இல் இயங்கத் தொடங்கியது. சீன, மலேசிய நிறுவனங்களுடன் நம் நாட்டின் ஓஎன்ஜிசி விதேஷ் நிறுவனமும் 2003 முதல் இவ்வயல்களில் பங்கு கொண்டிருந்தது. பிரிவினையில் எண்ணெய் உற்பத்தியின் முக்கால் பங்கு தெற்கிற்குப் போயிற்று. குழாய், ஆலை, துறைமுகம் மூன்றும் வடக்கில் நின்றன. தெற்கிற்குக் கடலில்லை, வடக்கிற்குக் கிணறுகளிற் பெரும்பாலானவை இல்லை. குழாயைத் துண்டாக்கினால் இருவருக்கும் பயனில்லை. கிணற்றையும் ஆலையையும் பற்றி ஃபகீஹ்கள் கூறியது இங்கே எழுத்துக்கு எழுத்துப் பொருந்துவதைக் காண்கிறோம்.

குழாயை மூடிய கதை

எண்ணெய் கடந்து செல்லப் பீப்பாய் ஒன்றுக்கு 36 டாலர் வரை கார்ட்டூம் கேட்டது. ஒரு டாலருக்கும் குறைவாகவே ஜூபா தர முன்வந்தது. பேச்சு முறிந்தது. கட்டணத்திற்கு ஈடாக எண்ணெயையே வடக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. சினமுற்ற தென்சூடான் 2012 ஜனவரியில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3,50,000 பீப்பாய் உற்பத்தியை முற்றிலும் நிறுத்திவிட்டது. தன் அரசு வருவாயில் 98 விழுக்காட்டை எண்ணெயிலிருந்து பெற்றுவந்த ஒரு நாடு தன் கையாலேயே அதனை அடைத்துக்கொண்டது. ஏப்ரலில் அதன் படை வடக்கின் வசமிருந்த ஹிஜ்லீஜைக் கைப்பற்றி, சில நாள்களில் பின்வாங்கியது. அவ்வூருக்குத் திங்கா மக்கள் வழங்கும் பெயர் பான்தோ. ஒரே ஊருக்கு இரு பெயர், இரு உரிமை.

ஐ.நா. பாதுகாப்பு அவையின் எச்சரிக்கையும், தாபோ எம்பெக்கி தலைமையிலான ஆப்பிரிக்க ஒன்றியக் குழுவின் முயற்சியும் சேர்ந்து, 2012 செப்டம்பர் 27 அன்று அடிஸ் அபாபாவில் உடன்பாடு ஏற்பட்டது. குழாய்க்கேற்ப 9 முதல் 11 டாலர் வரை கட்டணம். இழந்த வருவாய்க்கு ஈடாக, மொத்தம் 300 கோடி டாலர் சேரும் வரை, பீப்பாய்க்கு மேலும் 15 டாலர். 2013 ஏப்ரலில் எண்ணெய் மீண்டும் ஓடியது. இத்தொகைகளைப் பிரிவினைக்கு முன்பே பேசி முடித்திருந்தால் பதினைந்து மாத வறுமையும் ஒரு போரும் நேர்ந்திரா.

கடனும் அவ்வாறே. ஏறத்தாழ 4,000 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன் முழுவதையும் வடக்கே ஏற்கும். உலக நாடுகள் குறித்த காலத்தில் அதனைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. தள்ளுபடிக்கான வாயில் 2021 ஜூனில்தான் திறந்தது. கடன் அதற்குள் 5,600 கோடி டாலராகப் பெருகியிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் நடந்த இராணுவப் புரட்சியால் அவ்வாயிலும் அடைபட்டது.

வடக்கின் வறுமை, தெற்கின் செல்வம்

பிரிவினையால் வடக்கின் கருவூலம் காலியாயிற்று. நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தது. எரிபொருள் மானியம் குறைக்கப்பட்ட 2013 செப்டம்பரில் கார்ட்டூம் தெருக்களில் குருதி சிந்தியது. 2018 டிசம்பரில் ஒரு பவுண்டு ரொட்டி மூன்று பவுண்டாக உயர, அத்பரா நகரில் கிளம்பிய கிளர்ச்சி 2019 ஏப்ரலில் உமர் அல்பஷீரின் முப்பதாண்டு ஆட்சியைச் சாய்த்தது.

எண்ணெய் போன இடத்தைத் தங்கம் பிடித்தது. இங்கேதான் பொருளாதாரம் பாதுகாப்புக் கேடாக உருமாறியது என்பது நம் கருத்து. எண்ணெய்க்குக் குழாயும் ஆலையும் அரசும் வேண்டும். தங்கத்திற்கு மண்வெட்டியும் காவலுக்குத் துப்பாக்கியும் போதும். வட தார்ஃபூரின் ஜபல் ஆமிர் மலையில் 2012இல் தங்கம் கிடைத்தது. முன்னர் தார்ஃபூரில் கொடுமைகள் புரிந்த ஜன்ஜவீத் குழுக்களைக் கொண்டு 2013இல் அரசே அமைத்த 'அத்தஅமுஸ் ஸரீஃ' எனும் விரைவு ஆதரவுப் படை, 2017இல் அம்மலையைத் தன்வசப்படுத்தியது. அரசின் ஊதியத்தை எதிர்பாராத ஒரு படைத்தலைவர் உருவானார். முஹம்மத் ஹம்தான் தக்லோ, மக்கள் வழக்கில் 'ஹுமைத்தி', அவர்தாம். கருவூலம் இளைத்த நாட்டில் படைகள் தமக்கெனக் கருவூலம் தேடிக்கொள்ளும் என்பதை வரலாறு பலமுறை காட்டியுள்ளது. அப்பாஸியர் காலத்துத் துருக்கியத் தளபதிகளின் கதையை ஓதியவர்க்கு இது புதிதன்று.

தெற்கின் நிலை வேறுவகை. அங்கே வருவாய் இருந்தது. அதைப் பங்கிடும் நெறி இல்லை. வடக்கு என்னும் பொது எதிரி நீங்கியதும் உள்முரண்கள் தலைதூக்கின. 2013 டிசம்பர் 15 அன்று அதிபர் சல்வா கீர், துணை அதிபர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட ரியாக் மச்சார் ஆகியோரின் பிணக்கு உள்நாட்டுப் போராக வெடித்தது. 2018 ஏப்ரல் வரையிலான காலத்தில் ஏறத்தாழ 3,83,000 பேர் அப்போரின் விளைவாக மாண்டதாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. முதல் தேசியத் தேர்தல் மீண்டும் மீண்டும் தள்ளிப்போய், 2024இல் மறுபடியும் ஈராண்டு ஒத்திவைக்கப்பட்டது. 2025 மார்ச்சில் மச்சார் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார். தனிநாடு பெறுவது வேறு, நாட்டை நடத்துவது வேறு என்பதற்கு இதனினும் கசப்பான பாடம் வேண்டியதில்லை.

எல்லையில் வாழ்வோர்

அரசுகளுக்கு எல்லை ஒரு கோடு. அங்கு வாழ்வோர்க்கோ அது மேய்ச்சல் வழி. மிஸ்ஸிரிய்யா எனும் அரபுக் கால்நடைக் குலத்தார் கோடைதோறும் மாடுகளைத் தெற்கே ஓட்டிச் சென்று, தாம் பஹ்ருல் அரப் என்றும் திங்காக்கள் கீர் என்றும் அழைக்கும் ஆற்றங்கரையில் நீர் காட்டுவர். அப்யெய் வட்டாரத்தில் நிலைகுடிகளாயுள்ள நகோக் திங்காக்களுடன் அவர்களுக்குத் தலைமுறை உறவும் உண்டு, பகையும் உண்டு. மேய்ச்சலுக்கு எப்போது வருவது, பயிருக்குச் சேதம் நேர்ந்தால் என்ன ஈடு, கொலைக்கு எத்தனை மாடு தியத் என்பவற்றை இரு குலத் தலைவர்களும் கூடிப் பேசித் தீர்த்துவந்தனர்.

2009இல் ஹேக் நடுவர் மன்றம் அப்யெயின் எல்லையைச் சுருக்கி வரைந்தது. ஆனால் அது எந்த நாட்டைச் சேரும் என்பதைத் தீர்மானிக்கும் வாக்கெடுப்பில் மிஸ்ஸிரிய்யாவுக்கு வாக்குண்டா என்ற வினாவில் அனைத்தும் நின்றுவிட்டது. 2011 முதல் ஐ.நா. படை அங்கே காவல் நிற்கிறது. பழைய குல மன்றங்கள் கூடிய ஆண்டுகளில் அமைதியும், கூடாத ஆண்டுகளில் கொலையும் நிகழ்ந்ததை அங்குப் பணியாற்றியோர் பதிவு செய்துள்ளனர். எல்லை முடிவாகும்வரை காத்திராமல் பயன்பாட்டை முறைப்படுத்திக்கொண்ட அம்மன்றங்கள் நடத்தியது 'முஹாயஆ' அல்லாமல் வேறென்ன?

2023க்குப் பின்

2023 ஏப்ரல் 15 அன்று, தளபதி அப்துல் ஃபத்தாஹ் அல்புர்ஹானின் இராணுவத்திற்கும் ஹுமைத்தியின் படைக்கும் இடையே கார்ட்டூமில் போர் மூண்டது. இரு நைல்களும் கூடும் அந்நகரம் சிதைந்தது. இந்தியர்களை மீட்க நம் அரசு அந்நாள்களில் நடத்திய முயற்சிக்குக் காவிரியின் பெயர் சூட்டப்பட்டது. போர்ட் சூடானிலிருந்து ஜித்தா வழியே திரும்பியோரில் தமிழரும் இருந்தனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட சூடானியர் வீடிழந்தனர். 2025 மார்ச்சில் இராணுவம் தலைநகரை மீட்டது. அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று, ஐந்நூறு நாள்களைக் கடந்த முற்றுகைக்குப் பின், தார்ஃபூரின் அல்ஃபாஷிர் நகரம் விரைவு ஆதரவுப் படையிடம் வீழ்ந்து பெருங்கொலைகள் நிகழ்ந்தன. கொன்றோரும் கொல்லப்பட்டோரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுவோர் என்பதை வேதனையுடன் எழுதுகிறோம். இப்படைக்கு ஆயுதம் அளிப்பதாக ஐக்கிய அரபு அமீரகத்தின் மீது குற்றச்சாட்டு உண்டு. அந்நாடு அதை மறுத்துவருகிறது.

வடக்கின் இப்போர் பிரிந்துபோன தெற்கையும் விட்டுவைக்கவில்லை. மேல்நைல் எண்ணெய் மெழுகுத்தன்மை மிக்கது. சூடு குறைந்தால் குழாயிலேயே உறைந்துவிடும். போர்ப்பகுதியிலிருந்த இறைப்பு நிலையத்திற்கு டீசல் கிடைக்காமற்போக, 2024 பிப்ரவரியில் எண்ணெய் உறைந்து குழாய் வெடித்தது. தென்சூடானின் எண்ணெய் ஏற்றுமதியில் பெரும்பகுதி ஓராண்டளவும் நின்றது. ஜூபாவில் ஆசிரியரும் படைவீரரும் பல மாதங்கள் ஊதியமின்றி வாடினர். 2025 தொடக்கத்திற்குள் 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எல்லை தாண்டித் தெற்கே சென்றிருந்தனர். அவர்களுட் பலர், முன்பு தெற்கின் போருக்கு அஞ்சி வடக்கே ஓடியவர்கள்.

இந்நிலையில் 2025 டிசம்பரில் ஹிஜ்லீஜ் மீண்டும் செய்தியில் வந்தது. விரைவு ஆதரவுப் படை அவ்வயலைக் கைப்பற்றியது. சூடான் இராணுவத்தினர் தெற்கே பின்வாங்கினர். ஆனால் வயல் எரிந்தால் மூவருக்கும் இழப்பு. ஆகவே அங்கே தென்சூடான் படையே காவல் நிற்பது என்று மூன்று தரப்பும் உடன்பட்டன. 2012இல் எந்தப் படை அவ்வயலைப் பறிக்க வந்ததோ, அதே படை 2025இல் அனைவரின் சம்மதத்தோடும் அதைக் காக்க வந்தது. அறத்தால் விளைந்த உடன்பாடு என்று இதனை நாம் சொல்லவில்லை; தேவையால் விளைந்தது. எனினும் பிரிக்க இயலாத பொருள் பங்காளிகளை எங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்பதை அது காட்டுகிறது.

இரண்டாம் பிரிவினை வருமா?

2025 ஜூலையில் விரைவு ஆதரவுப் படையும் அதன் தோழமைகளும் தார்ஃபூரின் நியாலா நகரில் தனி அரசை அறிவித்தன. ஆப்பிரிக்க ஒன்றியம் அதனை ஏற்க மறுத்தது. ஆயினும், மேற்கையும் கிழக்கையும் பிரித்துவிட்டால் போர் தீரும் என்ற பேச்சு கேட்கிறது. 2011இன் அனுபவத்தை அறிந்தோர் இதற்கு எளிதில் தலையசைக்கமாட்டார்கள். மேற்கில் கால்நடையும் தங்கமும் அரபிப் பிசினும் உண்டு, கடலில்லை. கிழக்கில் துறைமுகமும் நைல் பாசனமும் உண்டு. மேற்கின் சரக்கின்றி அத்துறைமுகம் மெலியும். போதாக்குறைக்கு, தங்கத்தாலும் வெளியார் ஆயுதத்தாலும் வாழும் படைகளுக்கு ஒரு கோடு ஓய்வு தராது. இன்னொரு ஹிஜ்லீஜையும் இன்னோர் அப்யெயையுமே தரும்.

ஆகவே இவ்விரு நாடுகளின், அல்லது நாளை எத்தனை நாடுகளாயினும் அவற்றின், எதிர்காலம் சில எளிய நிபந்தனைகளைப் பொறுத்தது. குழாய், துறைமுகம், ஆறு, மேய்ச்சல் வழி ஆகியவற்றை எவரது ஆயுதமாகவும் ஆகவிடாமல் கூட்டு நிருவாகத்தில் வைத்தல் வேண்டும். தங்க வருவாய் படைகளின் பையிலிருந்து பொதுக் கருவூலத்திற்குத் திரும்ப வேண்டும். அதுவரை எந்தப் போர்நிறுத்தமும் நிலைக்காது. எல்லையோர மக்களின் குல மன்றங்களுக்கு இரு அரசுகளும் சட்டத் தகுதி அளித்தல் வேண்டும். இவற்றுள் எதற்கும் பெருந்தொகை தேவையில்லை. எதிரியிடமும் ஒரு பங்கு உண்டு என்று ஏற்கும் மனமே தேவை. கிடைத்தற்கரியதும் அதுவே.

அடுத்த ஆண்டு 'கிதாபுல் கிஸ்மத்' தொடங்கும் நாளில், மாணவர்களுக்கு ஹிஜ்லீஜின் வரைபடத்தைக் காட்டிய பிறகே நூலைத் திறப்பது என்று எண்ணியிருக்கிறோம். குளியற்கூடமும் ஆலையும் நம்மிடையே இன்று இல்லையே, இச்சட்டம் எதற்கு என்று அவர்கள் அதன் பின் கேட்கமாட்டார்கள். அல்லாஹ் அம்மண்ணின் மக்களுக்கு அமைதியையும், தலைவர்களுக்கு நேர்மையான பங்கீட்டையும் அருள்வானாக.